தண்ணீர் பாட்டில் மாட்டினால் மைலேஜ் கூடுமா? எச்எச்ஓ கருவியும் அதைச் சோதிக்கும் முறையும்

பழைய கார் வைத்திருப்பவர்கள் நாலு பேர் கூடினால் பேச்சு எப்படியும் மைலேஜுக்கு வந்துவிடும். அங்கே ஒருவராவது எச்எச்ஓ பற்றிச் சொல்வார். பேட்டரியில் இருந்து கரண்ட் எடுத்து, பாட்டிலில் இருக்கும் தண்ணீரைப் பிரித்து, வரும் வாயுவை இன்ஜினுக்குள் விட்டால் பெட்ரோல் மிச்சமாகும் என்பார். பிரவுன் கேஸ், ஹைட்ரஜன் கிட் என்று பெயர்கள் மாறினாலும் சரக்கு ஒன்றுதான். லிட்டருக்கு 14 கொடுத்த வண்டி இப்போது 17 கொடுக்கிறது என்று மாட்டியவர் சத்தியம் செய்வார், எதிரே இருப்பவர் எல்லாம் ஏமாற்று வேலை என்று பேச்சை முடித்துவிடுவார்.

இரண்டு பேருமே ஒரு விஷயத்தை விட்டுவிடுகிறார்கள். மாட்டியவரின் மைலேஜ் உண்மையாகவே கூடியிருக்கலாம், அவர் பொய் சொல்லவேண்டிய அவசியம் இல்லை. ஆனால் கூடியதற்குக் காரணம் ஹைட்ரஜன்தானா என்பது தனிக் கேள்வி. அந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க வீட்டிலேயே வழி இருக்கிறது. அதற்கு முன்னால் பாட்டிலுக்குள் நடப்பது என்ன என்று புரிந்துகொண்டால்தான் சோதனையில் எதை அளக்கிறோம் என்பது தெரியும்.

உதாரணத்துக்குக் கார்புரேட்டர் (காற்றில் பெட்ரோலைக் கலந்து இன்ஜினுக்குத் தரும் பாகம்) வைத்த பழைய மாருதி 800 ஒன்றை எடுத்துக்கொள்கிறேன். 796 சிசி, மூன்று சிலிண்டர், கம்ப்யூட்டர் கிடையாது. இந்த மாதிரி வண்டியில்தான் இந்தப் பாட்டில் அதிகம் ஏறுகிறது, குழப்பமும் இங்கேதான் அதிகம்.

## பானெட்டுக்குள் என்ன இருக்கிறது

வீட்டில் செய்த கருவி என்றால் பெரும்பாலும் ஒரு தடிமனான பிளாஸ்டிக் ஜாடி, அல்லது இரண்டு பக்கமும் மூடிய பிவிசி பைப். உள்ளே சின்ன இடைவெளி விட்டு அடுக்கிய எவர்சில்வர் தகடுகள், அவற்றை மூழ்கடிக்கும் அளவுக்கு டிஸ்டில்டு வாட்டர். சுத்தமான தண்ணீரில் கரண்ட் சரியாகப் பாயாது என்பதால் அதில் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கொஞ்சம் கரைத்திருப்பார்கள், சிலர் சமையல் சோடா போடுவார்கள். பேட்டரியில் இருந்து ஒரு ஃபியூஸும் ரிலேயும் வழியாக வயர் வரும். ஜாடியின் தலையில் இருந்து ஒரு ஹோஸ் கிளம்பி, தண்ணீர் நிரப்பிய இன்னொரு சின்ன பாட்டிலுக்குள் குமிழியாக இறங்கி, அங்கிருந்து ஏர் ஃபில்டருக்கோ, கார்புரேட்டருக்குக் கீழே, கலவையை இன்ஜினுக்குள் கொண்டுபோகும் குழாயான இன்டேக் மேனிஃபோல்டுக்கோ போகும். ஹோஸ் எங்கே போய்ச் சேர்கிறது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் அது முக்கியம்.

கரண்ட் பாய்ந்ததும் தகடுகளில் இருந்து பால் பொங்குவது போலக் குமிழிகள் கிளம்பும். தண்ணீர் மூலக்கூறு உடைந்து ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் 2-க்கு 1 என்ற அளவில் வருகின்றன. இதற்கு மின்னாற்பகுப்பு என்று பெயர். இரண்டு வாயுவும் ஒரே குழாயில் கலந்து வருவதைத்தான் எச்எச்ஓ என்கிறார்கள். தீக்குச்சி காட்டினால் பட்டென்று வெடிக்கும். பார்ப்பவர் மனதில் ‘இவ்வளவு சக்தியா!’ என்று பதிவது இந்த இடத்தில்தான்.

## தண்ணீர் எரிபொருள் இல்லை

ஹைட்ரஜன் எரிந்தால் கிடைப்பதுதான் தண்ணீர். அதாவது அது தன்னுடைய ஆற்றலை ஏற்கனவே வெளியே விட்டுவிட்ட பொருள். அதை மறுபடி ஹைட்ரஜனாகப் பிரிக்க, எரியும்போது எவ்வளவு ஆற்றல் வெளியே வந்ததோ அவ்வளவையும் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். கொஞ்சமும் குறைக்க முடியாது, நடைமுறையில் கூடுதலாகவே செலவாகும்.

தண்ணீரில் மட்டுமே கார் ஓடும் என்று அமெரிக்காவின் ஒஹாயோவில் ஸ்டான்லி மேயர் என்பவர் பல வருடம் சொல்லி முதலீட்டாளர்களைச் சேர்த்தார். 1996-இல் வழக்கு நீதிமன்றத்துக்குப் போனபோது நிபுணர்கள் அவருடைய கருவியைப் பார்த்து, இது சாதாரண மின்னாற்பகுப்புதான், புதிதாக எதுவும் இல்லை என்று சாட்சி சொன்னார்கள். மோசடி என்று தீர்ப்பாகி, முதலீடு செய்த இருவருக்கு 25,000 டாலரைத் திருப்பித் தரச் சொன்னது நீதிமன்றம்.

நம் பாட்டில் அந்த அளவுக்கு உரிமை கொண்டாடுவதில்லை. பெட்ரோலும் ஓடட்டும், கூடவே கொஞ்சம் ஹைட்ரஜனும் போகட்டும் என்பதுதான் இதன் வாதம். அதனால் இதைத் தனியாகத்தான் சோதிக்க வேண்டும்.

## ஆல்டர்னேட்டர் கரண்ட் சும்மா வருகிறதா

இன்ஜினால் சுழன்று பேட்டரியைச் சார்ஜ் செய்யும் கருவிதான் ஆல்டர்னேட்டர். எச்எச்ஓ பேச்சில் அடிக்கடி வரும் வாக்கியம் இது: “ஆல்டர்னேட்டர் எப்படியும் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது, அந்தக் கரண்டை எடுத்தால் என்ன செலவு?”

பழைய சைக்கிளில் பின் டயரில் ஒட்டிக்கொண்டு சுற்றும் டைனமோ ஞாபகம் இருக்கிறதா? டயரில் இருந்து விலக்கி வைத்தால் பெடல் லேசாக ஓடும். டயரோடு சேர்த்து விளக்கு எரிய ஆரம்பித்ததும் தொடை கனக்கும். அந்தக் கனம்தான் விளக்கின் வெளிச்சமாக மாறுகிறது. ஆல்டர்னேட்டரும் அதே ஜாதி. கரண்ட் எடுக்காதவரை லேசாகச் சுற்றும், எடுக்க எடுக்க அதன் காந்தப்புலம் சுழற்சியை எதிர்த்து இழுக்கும், அந்த இழுவையைச் சமாளிக்க இன்ஜின் கூடுதலாகப் பெட்ரோல் குடிக்கும்.

இதை நம்ப வேண்டியதில்லை, காதால் கேட்கலாம். ஐடிலிங் சீர்செய்யக் கம்ப்யூட்டர் இல்லாத கார்புரேட்டர் வண்டியை நிறுத்தி ஓடவிட்டு, ஹெட்லைட்டையும் ஹீட்டர் ஃபேனையும் ஒரே நேரத்தில் போடுங்கள், இன்ஜின் சத்தம் லேசாக இறங்கும். எச்எச்ஓ பாட்டிலின் சுவிட்சைப் போட்டாலும் அதே இறக்கம்தான், சில வண்டிகளில் இன்னும் நன்றாகவே கேட்கும். ஏனென்றால் 20 ஆம்பியர் இழுக்கும் பாட்டில், 55 வாட் ஹெட்லைட் பல்பு ஐந்தை எரிப்பதற்குச் சமம்.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால்: பெட்ரோல் இன்ஜினைச் சுற்றுகிறது, இன்ஜின் ஆல்டர்னேட்டரைச் சுற்றுகிறது, அந்தக் கரண்ட் தண்ணீரைப் பிரிக்கிறது, பிரிந்த வாயு மறுபடி இன்ஜினுக்கே வருகிறது. வெளியே இருந்து ஆற்றல் எதுவும் உள்ளே வரவில்லை. சுற்றில் ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் சூடாகப் போய்விடுகிறது.

## கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

நல்ல முறையில் செய்த கருவியையே எடுத்துக்கொள்வோம். ஆறு செல் (ஒரு செல் என்பது ஒரு ஜோடித் தகடு) வரிசையாக, 20 ஆம்பியர், 13.8 வோல்ட். மின்செலவு 276 வாட். கரண்ட் கொஞ்சமும் வீணாகாவிட்டால் இதில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 1.3 லிட்டர் வாயு வரும், அதில் மூன்றில் இரண்டு பங்கு ஹைட்ரஜன். எரித்தால் கிடைக்கும் ஆற்றல் சுமார் 150 வாட். தண்ணீரைப் பிரிக்கக் கோட்பாட்டளவில் ஒரு செல்லுக்கு 1.23 வோல்ட் போதும், நாம் கொடுப்பது 2.3 வோல்ட். மிச்சம் ஜாடியைச் சூடாக்கத்தான் போகிறது. ஒரே ஜோடித் தகட்டுக்கு முழு 12 வோல்ட்டையும் கொடுக்கும் ஊறுகாய் பாட்டில் டிசைன்களில் இன்னும் மோசம், அங்கே ஜாடி கொதித்து நீராவி கிளம்பும், அந்த நீராவியையும் வாயுக் கணக்கில் சேர்த்து ‘நிமிடத்துக்கு 2 லிட்டர்’ என்று எழுதிவிடுவார்கள்.

இப்போது பின்னோக்கிப் போவோம். 276 வாட் மின்சாரம் தர ஆல்டர்னேட்டர் இன்ஜினிடம் இருந்து சுமார் 500 வாட் இழுக்கும், ஏனென்றால் அதன் திறன் 55, 60 சதவீதத்தைச் சுற்றித்தான் இருக்கும். பெட்ரோலில் உள்ள ஆற்றலில் கால் பங்கைத்தான் இந்த மாதிரி இன்ஜின் சுழற்சியாக மாற்றும், ஆக 500 வாட்டுக்கு 2,000 வாட் அளவு பெட்ரோல் எரிய வேண்டும். திரும்பி வரும் 150 வாட் ஹைட்ரஜனிலும் அதே கால் பங்கு, அதாவது 37 வாட்தான் சக்கரத்துக்குப் போகிற பக்கம் சேரும்.

வாட் கணக்கு மனதில் நிற்காது என்பவர்களுக்கு மில்லி கணக்கில் சொல்கிறேன். ஒரு மணி நேரம் ஓடினால் அந்தப் பாட்டில் தரும் ஹைட்ரஜன் மொத்தம் நாலரை கிராம். அதன் ஆற்றல் 17 மில்லி பெட்ரோலுக்குச் சமம். அதைத் தயாரிக்கச் செலவான பெட்ரோல் 200 மில்லிக்கும் மேல். அதே ஒரு மணி நேரத்தில், லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கொடுக்கும் வண்டி 60 கிலோமீட்டர் வேகத்தில் போனால் 4 லிட்டர் குடிக்கும். ஆக, ஹைட்ரஜன் கொடுப்பது அரை சதவீதத்துக்கும் குறைவு, எடுப்பது சுமார் 5 சதவீதம்.

## “அளவு கொஞ்சம்தான், ஆனால் பெட்ரோலை முழுசாக எரிய வைக்கும்”

கணக்கைக் காட்டியதும் விவரம் தெரிந்தவர்கள் இந்த வாதத்துக்கு வருவார்கள். ஹைட்ரஜனை எரிபொருளாகப் பார்க்காதே, வினையூக்கி மாதிரிப் பார், பெட்ரோலின் பாதி எரியாமல் புகையாகப் போகிறது, அதை எரியவைக்கிறது என்பார்கள்.

பாதி எரியாமல் போகிறது என்பதே தவறு. மிக்சர், அதாவது பெட்ரோலும் காற்றும் சேர்ந்த கலவை, சரியாக இருக்கும் இன்ஜினில் உள்ளே போகும் பெட்ரோலில் 97, 98 சதவீதம் எரிந்துவிடுகிறது. மிச்சம் முழுவதையும் எரித்தாலும் லாபம் இரண்டு, மூன்று சதவீதத்தைத் தாண்டாது. ஆற்றலில் பெரும்பகுதி எரிந்த பிறகு வெப்பமாக ரேடியேட்டர் வழியாகவும் சைலன்ஸர் வழியாகவும் போகிறது, அதை ஹைட்ரஜனால் தடுக்க முடியாது.

ஆனால் இந்த வாதத்தில் ஓர் உண்மை ஒளிந்திருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. ஹைட்ரஜன் கலந்தால் தீ வேகமாகப் பரவும், அதனால் பெட்ரோல் குறைந்த கலவையிலும் இன்ஜின் திணறாமல் ஓடும். 1977-இல் நாசாவின் லூயிஸ் ஆய்வு மையம் வெளியிட்ட அறிக்கை இதைத்தான் காட்டியது, எச்எச்ஓ விற்பவர்கள் அடிக்கடி காட்டுவதும் இந்த அறிக்கையைத்தான். அங்கே ஹைட்ரஜன் வந்தது வாயு அடைத்த சிலிண்டரில் இருந்தும், மெத்தனாலை நீராவியால் சிதைக்கும் கருவியில் இருந்தும். ஆல்டர்னேட்டரில் இருந்து கரண்ட் எடுத்து அல்ல. அளவும் நம் பாட்டிலோடு ஒப்பிடவே முடியாத அளவு. நம் வண்டி நிமிடத்துக்கு 600 லிட்டர் காற்றை உறிஞ்சும்போது பாட்டில் தருவது ஒரு லிட்டர்கூட வராத ஹைட்ரஜன்.

## அப்படியானால் 14 எப்படி 17 ஆனது

என்னைப் பொறுத்தவரை இந்த விஷயத்தில் மிக முக்கியமான கேள்வி இதுதான். இதற்குப் பதில் சொல்லாமல் ‘ஏமாற்று’ என்று மட்டும் சொன்னால், தன் கண்ணால் மைலேஜைப் பார்த்தவர் நம்மை நம்ப மாட்டார், நம்பவும் கூடாது.

பெட்ரோல் முழுதாக எரிய எடைக்கணக்கில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று தேவை. இதைவிடப் பெட்ரோல் அதிகமாக இருந்தால் மெக்கானிக் ‘மிக்சர் ரிச்’ என்பார், காற்று அதிகமாக இருந்தால் ‘லீன்’. வயதான கார்புரேட்டரில் ஜெட் (பெட்ரோலை அளந்து விடும் சின்னத் துளை) தேய்ந்திருக்கும், சோக் (குளிர்ந்த இன்ஜினைக் கிளப்பக் காற்றை மறைக்கும் தட்டு) முழுதாகத் திறக்காது, ஏர் ஃபில்டர் அடைத்திருக்கும், இவை எல்லாமே வண்டியை ரிச்சாக ஓட்டும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் மூக்கில் கரி மண்டியிருக்கும். (சரியான மிக்சரில் அது பிஸ்கட் நிறத்தில் இருக்க வேண்டும், வெளுத்திருந்தால் லீன்.)

இப்படி ரிச்சாக ஓடும் வண்டியின் மேனிஃபோல்டில் ஓட்டை போட்டு ஒரு ஹோஸைச் சொருகினால் என்ன ஆகும்? மேனிஃபோல்டுக்குள் எப்போதும் உறிஞ்சும் அழுத்தம் இருக்கிறது. பாட்டில் மூடி, ஹோஸ் மூட்டு, எங்கெல்லாம் சின்ன இடைவெளி உண்டோ அங்கெல்லாம் வெளிக்காற்று உள்ளே புகும், கார்புரேட்டர் அளக்காத காற்று அது. மிக்சர் லீன் பக்கம் நகரும், மைலேஜ் கூடும். கூட்டியது ஹோஸ் வழியாகப் புகுந்த வெறும் காற்று. மிக்சர் ஸ்குரூவையும் ஜெட்டையும் கவனித்திருந்தால் அதே பலன் பாட்டில் இல்லாமலே கிடைத்திருக்கும், அதுவும் கட்டுப்பாட்டோடு.

இன்ஜெக்‌ஷன் வண்டிக்கான (கார்புரேட்டர் இல்லாமல் கம்ப்யூட்டரே பெட்ரோலை அளந்து தெளிக்கும் வகை) கிட்டுகளில் பாட்டிலோடு ஒரு சின்ன சர்க்யூட் டப்பாவும் வரும். ஆக்சிஜன் சென்சாரின் சிக்னலை மாற்றி, பெட்ரோல் அதிகமாகப் போகிறது என்று இன்ஜின் கம்ப்யூட்டரை நம்பவைத்துப் பெட்ரோலைக் குறைப்பது அதன் வேலை. அங்கேயும் மைலேஜ் மாற்றம் டப்பாவால் வருவது. சரியாக இருக்கும் மிக்சரை இப்படி மேலும் லீன் ஆக்கினால் இன்ஜின் இழுக்காது, புகையில் நைட்ரஜன் ஆக்சைடு கூடும், அளவு மீறினால் வால்வும் பிஸ்டனும் சூட்டில் கெடும்.

இவற்றோடு சேர்த்துப் பாருங்கள்: பாட்டில் மாட்டும் அன்றே பெரும்பாலும் பிளக்கும் ஃபில்டரும் மாற்றப்படுகின்றன, டயரில் காற்று பிடிக்கப்படுகிறது. மாட்டிய பிறகு ஓட்டுபவரின் கால் ஆக்சிலரேட்டரில் மென்மையாகிறது, அவருக்கே தெரியாமல்.

சுருக்கமாக: மைலேஜ் கூடியது உண்மையாக இருக்கலாம். லீன் ஆனது, சர்வீஸ், ஓட்டும் பழக்கம் என்று மூன்று காரணங்கள் ஒரே நாளில் வண்டிக்குள் ஏறிவிட்டன. நான்காவதாக ஏறிய ஹைட்ரஜனுக்குப் பெயர் போகிறது.

## பிரித்துப் பார்க்கும் சோதனை

முன்பு எவ்வளவு, இப்போது எவ்வளவு என்று கேட்பதால் பயன் இல்லை. வேறு எதையும் தொடாமல் வாயுவை மட்டும் நிறுத்தினால் மைலேஜ் குறைகிறதா என்று கேட்க வேண்டும். இதற்கு வண்டியை மூன்று நிலைகளில் ஓட்டிப் பார்க்க வேண்டும்.

முதலில் சர்வீஸை முடித்துவிடுங்கள். பிளக், ஃபில்டர், டைமிங், டயர் காற்று எல்லாம் சரியானபின், கார்புரேட்டரை அதற்குப் பிறகு தொடக் கூடாது. முதல் நிலையில் கருவியைக் கழற்றி, மேனிஃபோல்டு ஓட்டையைக் காற்றுப் புகாமல் அடைத்துவிட்டு ஓட்டுங்கள். இரண்டாம் நிலையில் பாட்டில், ஹோஸ் எல்லாம் மாட்டியிருக்கும், ஃபியூஸ் மட்டும் உருவியிருக்கும். மூன்றாம் நிலையில் ஃபியூஸும் போட்டு முழுதாக. முதலுக்கும் இரண்டுக்கும் வித்தியாசம் வந்தால் அது ஹோஸ் வழியாகப் புகும் காற்றின் வேலை. இரண்டுக்கும் மூன்றுக்கும் உள்ள வித்தியாசம் மட்டும்தான் ஹைட்ரஜனின் கணக்கு, அதில் ஆல்டர்னேட்டர் இழுக்கும் செலவும் சேர்ந்தே வந்துவிடும். பாட்டில் மாட்டியவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டாம் நிலையை ஓட்டிப் பார்ப்பதே இல்லை, அதனால்தான் வாதம் முடிவதே இல்லை.

ஃபியூஸ் உள்ளே இருக்கிறதா இல்லையா என்பது ஓட்டுபவருக்குத் தெரியக் கூடாது. வீட்டில் இருக்கும் இன்னொருவர் ஒவ்வொரு முறையும் முடிவு செய்து, தன் நோட்டில் குறித்து வைத்துக்கொண்டு, கடைசியில் மட்டும் காட்டட்டும். காலின் பழக்கத்தை வேறு எதனாலும் தடுக்க முடியாது.

பாதை ஊருக்கு வெளியே பைபாஸில் இருக்கட்டும், போய்த் திரும்பும் பாதையாக இருந்தால் காற்றின் திசையும் மேடு பள்ளமும் ஓரளவு சமன் ஆகும். இன்ஜின் சூடான பிறகே கணக்கைத் தொடங்குங்கள். ஒரே வேகம், ஒரே ஆள் கணக்கு, ஏசி இருந்தால் அணைத்தே. பெட்ரோலை ஒரே பங்க்கில், வண்டியை ஒரே இடத்தில் ஒரே சாய்வில் நிறுத்தி நிரப்புங்கள். ஆட்டோ கட்-ஆஃப் ஒரு முறை சீக்கிரம் நின்றாலே அரை லிட்டர் மாறிவிடும். 5 லிட்டர் ஓட்டத்தில் அரை லிட்டர் என்பது 10 சதவீதம், 20 லிட்டர் ஓட்டத்தில் இரண்டரை சதவீதம்தான். அதனால் நீண்ட ஓட்டமே நல்லது.

ஒவ்வொரு நிலையையும் பல முறை, வரிசையை மாற்றி மாற்றி ஓட்ட வேண்டும். எல்லா ‘ஆஃப்’ ஓட்டத்தையும் முதல் வாரம் முடித்துவிட்டு ‘ஆன்’ ஓட்டத்தை மழை வாரத்தில் வைத்துக்கொண்டால் மழையைத்தான் அளப்பீர்கள். கணக்கைப் பார்க்கும்போது, ஒரே நிலையின் எண்களுக்குள்ளேயே எவ்வளவு ஏற்ற இறக்கம் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். கருவியே இல்லாத ஓட்டங்கள் 14.5-க்கும் 15.5-க்கும் நடுவே ஆடினால், ‘ஆன்’ செய்தபோது கிடைத்த 15.3 எதையும் சொல்லவில்லை.

இந்த ஆட்டத்தைக் குறைக்கத்தான் புனேயில் உள்ள ஏஆர்ஏஐ போன்ற ஆய்வகங்கள் வண்டியை உருளைகளின் மேல் நிறுத்தி, ஒரே வேக அட்டவணையில் ஓட்டி அளக்கின்றன. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இப்படி நூற்றுக்கும் மேற்பட்ட ‘பெட்ரோல் மிச்சம்’ கருவிகளை ஆராய்ந்திருக்கிறது. மைலேஜைக் குறிப்பிடும் அளவுக்குக் கூட்டிய கருவி அதில் ஒன்றும் இல்லை.

## சோதிக்கும் முன் பாதுகாப்பு

இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். காற்றில் 4 முதல் 75 சதவீதம் வரை எந்த அளவில் ஹைட்ரஜன் கலந்தாலும் தீப்பிடிக்கும், துணி உரசும் சின்னப் பொறியே போதும். எச்எச்ஓவிலோ ஆக்சிஜனும் கூடவே கலந்து தயாராக இருக்கிறது. கார்புரேட்டர் வண்டி ஒரு முறை பேக்ஃபயர் அடித்தால் தீ ஹோஸ் வழியாகத் திரும்பி ஓடி ஜாடியைச் சிதறடிக்கும், உள்ளே இருப்பது கண்ணைக் குருடாக்கக்கூடிய காரத் தண்ணீர். அதனால் ஜாடிக்கும் இன்ஜினுக்கும் நடுவில் அந்தச் சின்னத் தண்ணீர் பாட்டில் இல்லாமல் ஓட்டவே கூடாது, கண்ணாடி ஜாடி வேண்டவே வேண்டாம், இன்ஜின் ஓடும்போது மட்டும் கரண்ட் போகும்படி ரிலே இருக்க வேண்டும். சாவியைப் போட்டு இன்ஜினைக் கிளப்பாமல் விட்டால் வாயு பானெட்டுக்கு அடியில் தேங்கும். கேபினுக்குள்ளோ டிக்கியிலோ பாட்டிலை வைக்காதீர்கள்.

சமையல் உப்பைக் கரைத்தால் குளோரின் வாயு வரும், கண்டிப்பாகப் போடாதீர்கள். எவர்சில்வர் தகடு நாளாக நாளாகக் கரைந்து தண்ணீர் மஞ்சளாகவும் பழுப்பாகவும் மாறும், அதில் நச்சுத்தன்மை உள்ள குரோமியம் இருக்கும். கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் அதைத் தொடாதீர்கள், செடிக்கோ சாக்கடைக்கோ ஊற்றாதீர்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை நம் இஷ்டத்துக்கு மாற்றுவதைத் தடை செய்கிறது, விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ் பக்கமும் சிக்கல் வரும்.

## கழற்றுவது என்று முடிவு செய்தால்

வயரை மட்டும் பிடுங்கிவிட்டு ஹோஸை அப்படியே தொங்கவிடுவதைப் பல வண்டிகளில் பார்க்கிறேன். மேனிஃபோல்டு ஓட்டை திறந்தே இருக்கும், வண்டி லீனாகவே ஓடி, சூட்டில் வால்வு அரிபடும். ஓட்டையை ஸ்குரூ பிளக் போட்டு நிரந்தரமாக அடைக்கச் சொல்லுங்கள். பிறகு கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து, ஜெட் தேய்ந்திருந்தால் மாற்றி, சோக் முழுதாகத் திறக்கிறதா பார்த்து, மிக்சரைப் புதிதாக டியூன் செய்ய வேண்டும். சக்கரத்தை ஜாக்கியில் தூக்கிக் கையால் சுற்றிப் பாருங்கள், பிரேக் பிடித்துக்கொண்டே ஓடும் பழைய வண்டிகள் நிறைய, அங்கே போகும் பெட்ரோல் கொஞ்சம் இல்லை. சில நாள் ஓட்டிய பிறகு பிளக்கை மறுபடி கழற்றி அதன் நிறத்தைப் பாருங்கள், பிஸ்கட் நிறம் வந்திருந்தால் மிக்சர் சரி.